புறத்தார் யாவர்?

சைவத் திருக்கோயில்களிலே திருமூலத்தானத்துட் புகுந்து சிவலிங்கப் பெருமானைத் தீண்டிப் பூசித்தற்கு உரியார் யாவர் என்னும் வினா, ஐம்பது யாண்டுகளுக்கு மேலாக நீதிமன்றத்தில் வழக்காகவும், சட்டமன்றத்தில் மசோதாவாகவும், மேடைகளிற் பூசலாகவும் இருந்து வந்துள்ளது. வினாவை எழுப்பினாரும் அதனை மறுத்தாரும் ‘புறத்தார்’ என்னும் ஒரு சொல்லைத் தத்தமக்கு வேண்டியவாறு வழங்குகின்றனர். ஆதிசைவர் குலத்திற் பிறவாதார் அனைவரும் புறத்தார் என்பர் ஒரு சாரார். இந்து எனப்படுவார் எவராயினும் அகத்தாரே, புறத்தார் என ஒருவரும் இலர் என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டு கூற்றும் சைவசித்தாந்தத்திற்கு ஒவ்வாதன. சிவாகமங்கள் அகமும் புறமும் வகுப்பது தீக்கை ஒன்றினாலே என்க. தீக்கை பெறாத வேதியனும் அவற்றிற்குப் புறத்தானே. தீக்கை பெற்ற கடைக்குலத்தானும் அவற்றிற்கு அகத்தானே. இதனை மறந்தே இருசாராரும் இத்துணைக் காலமும் வழக்காடினர்.

வழக்கின் வரலாற்றை ஒருமுறை நினைவுகூர்தல் நன்று. 1936-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் விடுத்த பிரகடனமும், 1939-இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பெற்ற ஆலயப் பிரவேசச் சட்டமும் கோயிலினுள் நுழைதலையே பேசின; பூசையைத் தொட்டில. அந்நுழைவிற்கே மதுரையில் எழுந்த கூக்குரல் சிறிதன்று. 1939 ஜூலை 8-ஆம் நாள் வைத்தியநாத ஐயர் ஆதிதிராவிட மக்கள் சிலரையும் நாடார் ஒருவரையும் உடனழைத்துக்கொண்டு மீனாட்சியம்மை திருக்கோயிலுட் புக்காராக, அம்மை கோயிலைவிட்டு அகன்றாள் என்று கூறிப் பட்டருட் சிலர் தம் பணியை விடுத்து வெளியேறினர். அம்மை அகன்றிலள், அகன்றவர் பட்டரே, பின்னர் மீண்டவரும் அவரே.

பூசையைப் பற்றிய வழக்கு எழுந்தது 1970-ஆம் ஆண்டில். அவ்வாண்டின் தொடக்கத்தில் நடத்துவதாக ஈ. வெ. இராமசாமிப் பெரியார் கருவறை நுழைவுக் கிளர்ச்சி அறிவித்திருந்தார். ஆண்டின் இறுதியில் அறநிலையச் சட்டம் திருத்தப்பெற்று, அருச்சகப் பணி தந்தைக்குப்பின் மைந்தனுக்கு எனத் தொடர்ந்துவந்த உரிமை நீக்கப்பெற்றது. 1972 மார்ச்சு மாதத்தில் சேஷம்மாள் வழக்கில் உச்சநீதிமன்றம் அத்திருத்தம் செல்லும் என்றது. ஆயினும், அருச்சகரை நியமித்தல் உலகியற் செயலே, பூசனையோ சமயச் செயல், ஆகமம் உடன்படாதார் திருமேனியைத் தீண்டுமாறு அரசு செய்தல் ஆகாது என்றும் உடன்கூறிற்று. கதவைத் திறந்துவிட்டு நிலையின் குறுக்கே ஒரு தடியை வைத்தாற்போன்றது அத்தீர்ப்பு. மலையாள நாட்டுச் சிவன்கோயில் ஒன்றில் ஈழவர் ஒருவரைப் பூசகராக நியமித்தமை பற்றி வந்த ஆதித்தியன் வழக்கில், 2002 அக்டோபரில் அதே நீதிமன்றம், பயிற்சியும் தகுதியும் உடையானுக்குப் பிறப்பு மட்டும் தடையாகாது என்றது. 2006 மே 23-இல் தமிழ்நாட்டரசு, உரிய தகுதியும் பயிற்சியும் உடைய இந்து எவரும் அருச்சகராகலாம் என ஆணையிட்டது. அதன்மேல் ஆதிசைவ சிவாசாரியார் சங்கத்தார் தொடுத்த வழக்கில் 2015 டிசம்பர் 16-ஆம் நாள் வந்த தீர்ப்பு மீண்டும் ஆகமத்தையே அளவையாகக் காட்டிற்று. எந்த நியமனம் ஆகமத்திற்கு மாறு என்பதை அவ்வக் கோயில் நோக்கித் தனித்தனியே ஆராய்க என்று விட்டது. 2021 ஆகஸ்ட் 14-ஆம் நாள், அரசுப் பயிற்சிப் பள்ளிகளிற் பயின்ற 24 பேர் உள்ளிட்ட 58 பேருக்குப் பணியாணை வழங்கப்பெற்றது.

இத்துணை ஆணைகளிலும் தீர்ப்புகளிலும் ‘ஆகமம்’ என்னும் சொல் நூறுமுறை வந்திருக்கும். ஆகமம் கேட்கும் முதற் கேள்வி, “இவனுக்கு ஆசாரியன் யார்?” என்பது. 2006-ஆம் ஆண்டின் ஆணை அக்கேள்வியைக் கேட்கவில்லை. இந்துவா, பயின்றானா என இரண்டே கேட்டது. இந்து என்னும் பெயரைச் சிவாகமம் அறியாது. பயிற்சி என்பதை அறியுமாயினும், தீக்கையின்றிப் பயின்ற மந்திரத்தை அது மந்திரமென்று கொள்வதில்லை. ஓராண்டு கிரியை பயின்று தேர்வெழுதி நற்சான்றிதழ் பெற்றமையாலே ஒருவன் சிவனைத் தீண்டும் உரிமையுடையனாவான் என்பது, பட்டறையில் வாளைக் கண்டமையால் ஒருவன் போர்வீரனாவான் என்பது போலும். ஊதியமும் பணியாணையும் கோயில் திறவுகோலும் அரசு கொடுத்தல் கூடும். சத்திநிபாதமும் பாசச் சேதமும் அரசு கொடுத்தல் கூடாது. சட்டத்தின்மேற் சைவர் கூறத்தக்க குறை இஃதொன்றே. இது சிறு குறையும் அன்று.

ஆயின், சட்டத்தை எதிர்த்த சைவர் இக்குறையைச் சொன்னாரல்லர். அவர் சொன்னது பிறப்பு. “ஆதிசைவர் வயிற்றிற் பிறவாதான் தீண்டின் திருமேனி தூய்மை கெடும்” என்பதே நீதிமன்றங்களில் அவர் எடுத்துவைத்த மூலவாதம். அதனைச் சைவசித்தாந்தத்தின் குரலென்று உலகம் நம்பிற்று. ஈண்டு மறுக்கப்படுவது முதன்மையாக அக்கூற்றே.

காமிகம் முதலிய ஆகமங்கள் பரார்த்த பூசையைச் சிவத்துவிசராகிய ஆதிசைவர்க்கே உரித்தாக்கி, ஏனையோர் செய்யின் அரசனுக்கும் நாட்டிற்கும் கேடு என்று கூறுதல் உண்மை. சீர்திருத்தம் பேசுவார் சிலர், அங்ஙனம் ஆகமத்தில் எங்கும் இல்லை என்று சாதிப்பர். அவர் ஆகமத்தைக் கண்ணாற் கண்டிலர் போலும். உள்ளதை இல்லையென்று வெல்லும் வெற்றி சைவர்க்கு வேண்டா. அவ்வாக்கியம் எதனை வகுக்கின்றது என்பதே ஆராயற்பாலது. அது தீக்கை பெற்ற சைவருள்ளே பணியை வகுக்கின்றது. ஆதிசைவர், மகாசைவர், அநுசைவர், அவாந்தரசைவர், பிரவரசைவர், அந்தியசைவர் என்று ஆகமங்கள் அடுக்கிச் செல்லும். அந்தியசைவர் என்பார் கடைக்குலத்திற் பிறந்து சிவதீக்கை பெற்றாரே. கடைக்குலத்தானுக்குத் தீக்கை உண்டென்றும், தீக்கை பெற்றபின் அவன் பெயர் சைவன் என்றும் ஆகமமே உரைக்கும்போது, அவனைப் ‘புறத்தான்’ என்று கூறுதற்கு இடம் யாண்டையது? இல்லத்துள் இன்னார் அடுக்களை காண்க, இன்னார் வாயில் காக்க என வகுத்த ஓலையைக் காட்டி, வாயில் காப்பான் இல்லத்தானே அல்லன் என்பார் உளரோ?

இனி, அவ்வாதிசைவர்க்குத்தானும் அவ்வுரிமை எவ்வாற்றான் வந்தது? கௌசிகர், காசியபர், பாரத்துவாசர், கௌதமர், அகத்தியர் என்னும் முனிவர் ஐவர்க்குச் சதாசிவ மூர்த்தியின் ஐந்து திருமுகங்களினின்றும் தீக்கை கிடைத்தது. அவர் மரபினரே ஆதிசைவர் என்பது அவர்தாமே பெருமையோடு கூறும் வரலாறு. அங்ஙனமாயின் அக்குலத்தின் வேர் எது? தீக்கை. ஐவர் முனிவரும் ஆதிசைவராய்ப் பிறந்திலர், ஆக்கப்பட்டனர். இன்றும் சிவாசாரியார் மனையிற் பிறந்த மைந்தன் சமயம், விசேடம், நிருவாணம் என்னும் தீக்கைகளும், அவற்றின்மேல் ஆசாரியாபிடேகமும் பெறுமளவும் பரார்த்த பூசைக்கு உரியனாகான் என்பதில் ஒருவர்க்கும் ஐயமில்லை. பிறப்பு ஒன்றே போதுமாயின் அவனுக்கு இத்தனையும் எற்றுக்கு? போதாதாயின், போதாத அதனையே முதலும் முடிவுமாக வைத்து வழக்காடியது எவ்வாறு பொருந்தும்?

விசேட தீக்கையின் கிரியையை அறிந்தார் இதனை இன்னும் தெளிவாகக் காண்பர். ஆசாரியர் மாணாக்கனது உயிரை வாங்கி வாகீசுவரியின் கருப்பத்தில் வைத்து, கருப்பாதானம் முதலிய சடங்குகளை முறையே இயற்றி, அவனைச் சிவபுத்திரனாகப் பிறப்பிக்கின்றார். ஓமகுண்டத்தின் முன்னே நிகழும் இப்பிறவி மெய்யா, பொய்யா? மெய்யெனின் அவனுக்கு அம்மை வாகீசுவரி, அப்பன் சிவபெருமான். பழைய தாய்தந்தையர் குலம் அவனை விட்டொழிந்தது. பொய்யெனின் தீக்கை முழுதுமே கூத்தாய் முடியும். ஆதிசைவருடைய தீக்கையும் அக்கூத்திலே அடங்கும். கண்ணைக் கட்டி மாணாக்கன் இடும் பூ எத்திருமுகத்தின்மேல் விழுந்ததோ அம்முகத்தின் பெயரே அவனுக்குத் தீக்கைப் பெயராகும். அப்பூ விழுமிடத்தைக் குலம் நோக்கித் திருப்புவார் எவருமிலர். பத்ததிகாரர் சிலர் அப்பெயரின் ஈற்றில் வருணக்குறி ஒன்றை ஒட்டிவைத்தமை மெய்யே. சிவன் கொடுத்த பெயருக்கு உலகத்தார் ஒட்டிய வால் அது.

அற்றேல், ஆகமவிதிப்படி பிரதிட்டை செய்யப்பெற்ற கோயிலில் ஆகமம் கூறிய பணிப்பகுப்பை மாற்றலாமோ எனின்: முதற்கண், ஆதிசைவர் பூசியாத சிவத்தலம் இல்லையென்று எண்ணற்க. சைவர்க்குக் கோயில் என்றாலே தில்லை. ஆங்குப் பூசிப்பார் தில்லைவாழந்தணராகிய தீட்சிதர், ஆதிசைவரல்லர், அவர் முறையும் வைதிகமுறை. ஆளுடைய பிள்ளையாரும் ஆளுடைய நம்பியும் பாடிய திருக்கேதாரத்தில் தலைமைப் பூசகராய இராவலர் கன்னட நாட்டு வீரசைவ மரபினர். பாடல்பெற்ற திருக்கோகர்ணத்தில் வழிபட வந்தார் தாமே கைநீட்டிப் பெருமானைத் தொட்டு வணங்குவர். இத்தலங்களில் ஈசுவர சாந்நித்தியம் இல்லையென்று எச்சைவன் சொல்லத் துணிவான்? “அவை வேறு முறைக் கோயில்கள், எங்கள் கோயில்கள் காமிக முறையின” என்பாராயின் நன்று, பூசிப்பார் இன்ன குலத்தினராதல் வேண்டும் என்பது சிவனுக்கு இயல்பன்று, ஒரு முறைக்கு உரிய ஏற்பாடே என்பதை அவரே ஒப்பினாராயிற்று. ஏற்பாட்டை ஆசாரியர் ஆராய்ந்து மாற்றுதல் சைவத்துக்குப் புதிதன்று. ஆகமங்கள் தம்முள் மாறுபட்டவிடத்து ஒன்றைக் கொண்டு ஒன்றை விடுத்தே பத்ததிகள் எழுந்தன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அகோரசிவாசாரியார் செய்த பத்ததி, எவ்வாகமம் தமக்கு மூலமென்று சொல்லிக்கொள்ளும் கோயில்களிலும் கைந்நூலாய்ப் பரவியிருக்கின்றது.

அன்றியும், ஆகமத்தை முழுதும் கைக்கொள்க என்பாரே முழுதும் கொள்வாராக. ஆசாரியன் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கு பாதமும் ஓதியுணர்ந்தவனாதல் வேண்டும் என்பதும் ஆகமமே. பத்ததியின் பொருளறியாது ஒலி மட்டும் நெட்டுருப் பண்ணியவன் தந்தையின் முறைநாளைத் தனக்கெடுத்துக்கொள்ளுதல் எவ்வாகமத்தில் உள்ளது? பிறப்பைக் கூறும் வரியிலே குரல் எடுத்து ஓதுவார், கல்வியைக் கூறும் வரி வந்தவுடன் ஏட்டைக் கட்டுகின்றனர். ஆகமமறிந்து நியமம் தவறாத சிவாசாரியார் பலர் உளர். அவரைக் குறித்ததன்று இது. தம் பெயரால் வழக்காடியார் தம்மைப்போல அல்லாதாரையும் ஒரே வேலிக்குள் வைத்துக் காத்தமையை அவர் எண்ணிப்பார்ப்பாராக.

சந்தான குரவர் வரலாறு சைவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். ஆயினும் அதன் பொருளை நாடுவார் சிலரே. மெய்கண்டதேவர் வேளாளர். அவர் திருவடியில் வீழ்ந்தார் யார்? சகலாகம பண்டிதர் என்று பெயர்பெற்ற ஆதிசைவர். மெய்கண்டாருடைய தந்தையார்க்குக் குலகுரு. சிறுபிள்ளையாயிருந்தாரை நோக்கி ஆணவத்தின் வடிவு யாதென வினவி, தாம் நிற்கும் நிலையே விடையெனக் காட்டப்பெற்று, அருணந்தி சிவாசாரியாராயினார். ஆதிசைவர் ஒருவர் வேளாளர் ஒருவரிடம் ஞானம் பெற்று நின்ற அந்நிலையிலே தொடங்குவது சித்தாந்த பரம்பரை. “அவர் ஞானம் கொடுத்தார், பரார்த்த பூசை செய்திலரே” என்பர் மாற்றார். ஞானம் கிரியையினும் மேலது என்பது சித்தாந்தத்தின் முதற்பாடம். மேற்படி ஏறினானைக் கீழ்ப்படியில் நிற்கவும் தகான் என்பது எந்நூல் முறை?

உமாபதிசிவம் தில்லைத் தீட்சிதருள் ஒருவர். நெய்வார் வார்த்த கூழை மறைஞானசம்பந்தர் ஏற்றுண்ண, அவர் கைவழி ஒழுகியதைத் தாம் ஏற்றுண்டார். அதுபற்றித் தில்லைவாழந்தணர் அவரை விலக்கினர். அவர் கொற்றவன்குடிக்குச் சென்றார். சங்கற்ப நிராகரணத்தைச் சகம் 1235, அஃதாவது 1313-ஆம் ஆண்டில் இயற்றினாரெனக் கொள்ளப்படும் அப்பெரியார்பால், விறகு சுமந்து விடும் பெற்றான் சாம்பான் என்னும் புலையன் சிதம்பரேசர் திருமுகத்தோடு வந்தான். அவனுக்கு முத்தி கொடுக்க என்பது திருமுகத்தின் செய்தி. உமாபதிசிவம் நிருவாண தீக்கை செய்தார். அவன் அப்பொழுதே சோதியிற் கலந்தான். அவன் மனைவி அரசனிடம் முறையிட, அரசன் ஐயுற, முள்ளிச்செடி ஒன்றிற்கும் அவ்வாறே தீக்கை செய்து காட்டினார் என்பது வரலாறு. இவ்வரலாற்றைக் குருபூசைதோறும் படித்துப் பொங்கலிட்டுப் போற்றுகின்ற மடங்கள், பெற்றான் சாம்பான் குலத்திலே பிறந்து இன்று தீக்கை வேண்டி வாயிலில் நிற்பானுக்கு யாது சொல்கின்றன? முள்ளிச்செடிக்கும் உண்டு என்று கொண்டாடுவார், மானிடனுக்கு மட்டும் இல்லையென்று எங்ஙனம் கூறுவர்?

திருநாளைப்போவார்க்குத் தீ வளர்க்கப்பட்டதே. பிறப்பின் இழிவு அதனால் விளங்கவில்லையோ என்றும் சிலர் கேட்பர். தீயை வளர்க்குமாறு தில்லைவாழந்தணர் கனவில் ஆணையிட்டவன் கூத்தப்பெருமான், வளர்த்தவர் அவ்வந்தணரே, அதனுள் மூழ்கி வெளிப்பட்டாரை அவர்தாமே தொழுது உட்கொண்டு சென்றனர். ஆண்டவன் ஆணையைத் தலைமேற் கொண்ட அவ்வந்தணரின் பெருமை, வாயிலை மறித்துக்கொண்டு நந்தனார் கதையைப் பேசுவார்க்கு வாராது. தீ வளர்த்தற்குரிய இடம் இன்று ஓமகுண்டம்; அதன் பெயர் சிவாக்கினி. வளர்ப்பார் வளர்த்திலர் என்பதே வழக்கு. திருநீலகண்ட யாழ்ப்பாணர்க்கோ தீயும் வேண்டியதில்லை. ஆலவாயிலே பெருமான் அவரை உள்ளே புகுவித்துப் பொற்பலகையும் இடுவித்தான்.

நாத்திகர் கேட்டமையால் நாத்திக வினா என்று இதனைத் தள்ளியதே சைவப் பெரியோர் செய்த பெரும்பிழை. திருமேனியைக் கல்லென்பார் அக்கல்லைத் தொடும் உரிமையைக் கேட்டது வியப்பாகத் தோன்றலாம். அவர் வேண்டியது வழிபாடன்று, சமத்துவம். ஆயினும் கேட்டவன் சமயம் யாதாயினும் கேள்விக்கு விடை கூறும் கடன் சைவர்க்கு இருந்தது. தீக்கை எல்லார்க்கும் உண்டு, ஆசாரியாபிடேகத்திற்குத் தக்காரை ஆராய்ந்து அதுவும் செய்வோம் என்று 1970-இல் ஒரு திருமடமேனும் எழுந்து சொல்லி அங்ஙனமே செய்திருக்குமாயின், சட்டத்திற்கு அங்கே வேலை இருந்திராது. திருமடங்களின் தலைமைப் பீடங்களிலே வேளாளர் மரபினர் எழுந்தருளி, ஆசாரியாபிடேகம் பெற்று, நாடோறும் தங் குருபரம்பரைப் பூசாமூர்த்தியைத் தீண்டிப் பூசித்து, நிருவாண தீக்கையும் அளித்து வருதல் ஒருவரும் அறியாததன்று. தம் பீடத்தின் வரலாறே விடையாக இருந்தும் அவை வாய் திறந்தில. திறவாத வாயிலை அரசு வந்து இடித்தது; இடித்தவன் கைக்குக் கோயில்முறை தெரியாது என்று இப்பொழுது குறைகூறிப் பயன் என்?

இப்பூசலின் நடுவே நசுங்கினார் வேறு. 2007, 2008-ஆம் ஆண்டுகளில் மதுரை, திருவண்ணாமலை, பழனி, திருச்செந்தூர் என்னும் நான்கு ஊர்ச் சைவப் பள்ளிகளிலும், திருவரங்கம், சென்னை வைணவப் பள்ளிகளிலும் இருநூறு பேருக்கு மேல் பயின்று தேறினர். நெற்றியில் நீறும் நாவில் மந்திரமுமாய் வெளிவந்த அவ்விளைஞர்க்கு, வழக்கு நிற்கின்றது என்றே விடை வந்தது. ஆண்டுகள் பதின்மூன்று கழிந்து 2021-இலே பணியாணை பெற்றார் சிலரே. இடையில், கற்ற கிரியையைக் கைவிடாது சிறுகோயில்களில் விளக்கேற்றி இருந்தாரும் உளர். வயிற்றின்பொருட்டு வேறு தொழில் புக்காரும் உளர். சைவக் குடியிற் பிறவாத ஒருவன் தானே விரும்பிவந்து சிவபூசை பயின்றான் என்றால், அவ்விருப்பை விளைத்தது யாது? மலபரிபாகமும் சத்திநிபாதமும் நூலிலே படிக்கும் சொற்களாக மட்டும் இருந்துவிட்டமையால், அவை ஓர் இளைஞன் வடிவில் எதிரே வந்து நின்றபோது சைவர் அவற்றை அடையாளங் கண்டிலர். வேலை வேண்டி வந்தானென்று இகழ்ந்தாரும் உளர். குலவழியாய்ப் பூசை செய்வார்க்கும் அது சீவனமன்றோ?

2022 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றம் எக்கோயில் எவ்வாகமத்தது என்று ஆராய்தற்கு ஒரு குழுவை அமைக்க வழிகாட்டிற்று. 2023 ஜூனில் சேலத்துச் சுகவனேசுவரர் கோயில் வழக்கில், ஆகமமறிந்து பூசிக்க வல்லானுக்குச் சாதி வழி தேவையன்று என்று அதே நீதிமன்றத்து நீதிபதி ஒருவர் கூறினார். ஆகமத்திற்குப் பொருள் உரைக்கும் தொழிலை இவ்வாறு நீதிபதிகள் கையிலே விடுத்துச் சைவ வித்துவான்கள் வாளாவிருத்தல் தகாது. பள்ளிகளில் தேறிய அவரைத் திருமடங்கள் அழைத்து, தீக்கை பெறாதார்க்குச் சமய விசேட நிருவாண தீக்கைகளைச் செய்து, நான்கு பாதமும் ஓதுவித்து, ஆராய்ந்து தக்காரெனக் கண்டார்க்கு ஆசாரியாபிடேகமும் செய்து, தம் ஆட்சிக்குட்பட்ட கோயில்களிலே முதற்கண் பூசையிலமர்த்துக. குலவழிச் சிவாசாரியார் மைந்தரையும் அவரோடு ஒருங்கிருத்தி அதே ஆராய்ச்சிக்கு உட்படுத்துக. ஆராய்வார் கேட்கற்பாலன, “உனக்கு ஆசாரியன் யார்? யாது ஓதினாய்? நாடோறும் ஆன்மார்த்த பூசை வழுவாது செய்கின்றாயா?” என்னும் மூன்றே.